பிஸ்கட் பரிசுப் பெட்டிக்கு ஜெர்மன் பாணி: ஃப்ராக்டூரா, பௌஹவுஸா, காகித வெட்டா?

கீழ்ப்பாக்கம் அடுமனை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. தேன், பட்டை, கிராம்பு, பாதாம் சேர்த்த, லெப்குகன் என்கிற ஜெர்மன் வகை பிஸ்கட் ஒன்றை டிசம்பருக்குப் பரிசுப் பெட்டியில் விற்கப் போகிறோம். ஒரு பெட்டியில் 12 துண்டு, நிகர எடை 400 கிராம். பெட்டி அளவு 220 × 160 × 50 மி.மீ. மொத்தம் 500 பெட்டி, விற்பனை சென்னைக்குள் மட்டும். பார்த்தவுடனே ஜெர்மன் மரபு என்று தெரிய வேண்டும். அதே நேரம் பியர் கடைப் பலகை மாதிரி இருக்கக் கூடாது.

மூன்று யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, ஃப்ராக்டூர் என்கிற பழைய ஜெர்மன் எழுத்துப் பாணியில் பெயர். தமிழ்ப் பெயரையும் அதே மாதிரி உடைத்து வரைவது. இரண்டு, பௌஹவுஸ் என்கிற ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளியின் வட்டம், சதுரம், முக்கோணம். மூன்று, ஷெரென்ஷ்னிட் என்கிற கத்தரிக்கோல் காகித வெட்டு. மூடியிலேயே அதை வெட்டி, உள்ளே பிஸ்கட் தெரிகிற மாதிரி செய்வது.

எது நிற்கும்? மூன்றாவது என்றால் கோடு எவ்வளவு மெலிதாகப் போகலாம், டை என்கிற கத்தி அச்சால் வெட்டுவதா லேசரா, எந்த அட்டை? மழைக்காலத்தில் எது கெடும்? பெட்டியில், லெப்குகனுக்குப் பேர்போன ஜெர்மன் நகரமான நூரன்பெர்க்கின் பெயரைப் போடலாமா?

எழுத்தாணி:

முதல் யோசனையில் பாதியை வைத்துக்கொள்ளலாம், பாதியை விட்டுவிடுங்கள். ஜெர்மன் சொல்லுக்கு மட்டும் ஃப்ராக்டூர் போடுங்கள், தமிழுக்கு வேண்டாம்.

ஃப்ராக்டூர் என்ற பெயரே 'உடைந்தது' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அகன்ற முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து, வளைவு வர வேண்டிய இடத்தில் கோட்டை முறித்து எழுதுவது அது. தமிழ் எழுத்தாணியால் ஓலையில் கீறி வளர்ந்தது. நம் எழுத்துக்கு அடையாளமே வளைவும் சுழியும்தான். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண, ள இவற்றின் வளைவை முறித்தால் எது எதுவென்று தெரியாது. பெயர்ப்பலகை அளவில் ஓரளவு தாங்கும், பெட்டியின் பக்கவாட்டில் 8 பாயிண்டில் சுழியெல்லாம் அடைத்துப் போகும். தமிழுக்கு அனெக் தமிழ் போல அகலமும் தடிமனும் மாற்றக்கூடிய எழுத்துருவை எடுத்து, பக்கத்தில் நிற்கும் ஃப்ராக்டூரின் கருமைக்குத் தடிமனைப் பொருத்துங்கள். உருவம் ஒத்துப்போக வேண்டியதில்லை. கருமை ஒத்தால் போதும், கண்ணுக்கு ஜோடி சேர்ந்துவிடும்.

ஜெர்மன் சொல்லைப் போடும்போது வழக்கமாக மூன்று தவறு நடக்கிறது. முதலாவது, முழுச் சொல்லையும் பெரிய எழுத்தில் போடுவது. ஃப்ராக்டூரின் பெரிய எழுத்துகள் சொல்லின் தலையில் நிற்கப் பிறந்தவை, வரிசையாக நின்றால் ஜெர்மானியருக்கே படிக்க வராது. இரண்டாவது, எஸ் எழுத்து. ஃப்ராக்டூரில் அதற்கு இரண்டு வடிவம் உண்டு. சொல்லின் இறுதியில் வட்ட எஸ், தொடக்கத்திலும் பொதுவாக நடுவிலும் நீள எஸ். 'ஃப்ரோஹெஸ் ஃபெஸ்ட்' என்று வாழ்த்துப் போட்டால் முதல் சொல்லின் கடைசியில் வட்டம், இரண்டாம் சொல்லின் நடுவில் நீளம். விசைப்பலகையில் சாதாரண எஸ் தட்டினால் இரண்டும் வட்டமாகவே விழும், நீள எஸ்ஸைத் தனியாகத் தேடி வைக்க வேண்டும். மூன்றாவது, எழுத்து இடைவெளி. இந்த எழுத்து நெருக்கமாக நின்று வேலி மாதிரித் தெரிவதுதான் அழகு. இடைவெளியைத் தளர்த்தினால் பல் விழுந்த சீப்பு.

ஃப்ராக்டூர் என்றாலே நாஜி என்று ஒரு பயம் இருக்கிறது. 1941 ஜனவரியில் நாஜி ஆட்சியே சுற்றறிக்கை விட்டு அதை விலக்கியது. அதற்கு முன்பு பல நூற்றாண்டு ஜெர்மன் புத்தகங்கள் அதில்தான் அச்சாயின. தயங்க வேண்டாம், பக்கத்தில் நாஜிச் சின்னத்தை நினைவூட்டும் கழுகு மட்டும் வேண்டாம்.

ஒரு கிளைக்கதை. தமிழ் அச்சுக்கும் ஜெர்மனிக்கும் உண்மையான உறவு ஒன்று இருக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சடித்த புத்தகங்களுக்கு முதல் தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-இல் வந்து சேர்ந்தன. அளவில் பெரிதாக இருந்ததால் காகிதம் அதிகம் பிடித்தது, பிறகு உள்ளூரிலேயே சிறிய எழுத்துகள் வார்த்தார்கள். 1715 புதிய ஏற்பாடு அப்படித்தான் முடிந்தது. பெட்டியின் உள்மூடியில் இரண்டு வரிச் செய்தியாக இதைப் போட்டால், இரவல் வாங்கிய அலங்காரம் என்ற குறை போய்விடும்.

அம்பத்தூர் டை:

மூன்றாவதுதான் உங்களுக்கு. காரணம் எளிது: ஷெரென்ஷ்னிட் பிறவியிலேயே ஒரு வெட்டு வேலை, பெட்டி செய்வதும் வெட்டு வேலை. மற்ற இரண்டையும் அட்டையின் மேல் அச்சடிக்க வேண்டும். இதில் அட்டையே படம்.

அதன் இலக்கணத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே தாள், எல்லாப் பகுதியும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், எதுவும் தனித் தீவாக நிற்காது. கோல அச்சுத் தகட்டில் நடு இதழைத் தாங்க சின்னப் பாலம் விடுவார்களே, அதே கணக்கு. திருவிழாத் தோரணத்துக்குக் காகிதத்தை மடித்து வெட்டுகிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.

கறுப்புதான் என்றும் இல்லை. ஓவியர் ஃபிலிப் ஓட்டோ ரூங்க வெள்ளைத் தாளில் பூவும் தண்டும் வெட்டி, அடர் நிறத் தாளில் ஒட்டியிருக்கிறார். 1777-இல் பிறந்து 1810-இல் மறைந்தவர், ஹாம்பர்க் குன்ஸ்ட்ஹல்லேயில் அவர் வேலைகள் இருக்கின்றன. ஷ்டுட்கார்ட்டின் லூயீஸ டுட்டன்ஹோஃபர் கறுப்பில் மனிதர்களையும் காட்சிகளையும் வெட்டியவர். இரண்டு பேர் வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வரையத் தொடங்குங்கள். இணையத்தில் கிடைக்கிற மான், பைன் மரப் படக்கட்டைத் தொடவே வேண்டாம், ஊரில் எல்லாப் பெட்டியிலும் அது இருக்கிறது. நுட்பம் ஜெர்மனியுடையதாக இருக்கட்டும், காட்சி சென்னையாக இருக்கட்டும்: பனை, கட்டுமரம், ஓட்டு வீட்டு வாசலில் தொங்கும் நட்சத்திரம். தேவாலயக் கோபுரத்தைத் தூரத்தில் சின்னதாக வைக்கலாம். சிலுவையும் தெய்வ உருவமும் வேண்டாம், பெட்டி கடைசியில் போய்ச் சேருமிடம் குப்பைத்தொட்டி.

இப்போது அளவு. டை செய்கிற கத்தி 2 பாயிண்ட் தடிமன், அதாவது சுமார் 0.7 மி.மீ. இரண்டு கத்திக்கு நடுவே தாளை வெளியே தள்ள ரப்பர் ஒட்ட வேண்டும். அதனால் 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) தாளில் எந்தப் பாலமும் 3 மி.மீ-க்குக் குறையக் கூடாது. திறப்பு 4 மி.மீ-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் கழிவுத் துண்டு கத்திக்குள் சிக்கி அடுத்த தாளைக் கிழிக்கும். கூர்நுனி வேண்டும் என்றால் இரண்டு கத்தியை முட்டவிட வேண்டும், ஒரே கத்தியை மடித்தால் நுனி உருண்டையாகத்தான் வரும். கழிவு உடனே உதிர்ந்து மெஷினில் சிதறாமல் இருக்கக் கத்தியில் 0.5 மி.மீ நிக் (துண்டை ஒட்டவைத்திருக்கும் சிறு வெட்டாத இடம்) வைக்கச் சொல்லுங்கள். அதை இலை ஓரத்தில் வைக்காமல் உள்மூலையில் வைத்தால் பிசிறு கண்ணில் படாது.

எல்லோரும் மறப்பது திறப்பின் எண்ணிக்கை. படத்தில் 60 திறப்பு இருந்தால் 500 பெட்டிக்கு 30,000 துண்டை யாரோ ஒருவர் கையால் குத்தித் தள்ள வேண்டும். 25-க்குள் வைத்துக்கொண்டால் 12,500. படம் வரையும்போதே எண்ணிக்கொண்டு வாருங்கள்.

லேசரில் பாலம் 1 மி.மீ வரை இறங்கலாம், கூர்நுனியும் கிடைக்கும். ஆனால் ஓரம் பழுக்கும். வெள்ளைத் தாளில் அந்தப் பழுப்பு அப்பட்டமாகத் தெரியும், நிறம் ஊறிய கறுப்புத் தாளில் தெரியாது. அதனால் ரூங்க மாதிரி வெள்ளை என்றால் டை, கறுப்பு என்றால் லேசரும் சரி டையும் சரி. ஒரு பெட்டியின் வெட்டுக்கு 2 நிமிடம் என்று வைத்தாலும் 500-க்கு 1000 நிமிடம், கிட்டத்தட்ட 17 மணி நேர மெஷின் ஓட்டம். கோப்பில் ஒரே கோடு இரண்டு முறை படிந்திருந்தால் லேசர் இரண்டு முறை ஓடி அந்த இடம் கருகும். அனுப்பும் முன் எல்லா உருவத்தையும் ஒன்றாக இணைத்து ஒரே வெளிக்கோடாக்குங்கள். பிவிசி பூச்சுள்ள எதையும் லேசரில் வைக்கவே கூடாது, குளோரின் கலந்த அமில வாயு வரும்.

இன்னொன்று: மூடியையே வெட்டாதீர்கள். மூடியை வெட்டினால் உள்ளே பிலிம் ஒட்ட வேண்டும், மூடி பலமும் இழக்கும். வெட்டை உறையாகச் செய்து, சாதாரண ஒற்றை நிறப் பெட்டியின் மேல் ஏற்றுங்கள். பெட்டியின் நிறம் திறப்புகள் வழியே தெரியும். பிஸ்கட் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஜார்ஜ்டவுன் காகிதம்:

அம்பத்தூர் சொன்ன உறை யோசனைக்கு என் ஓட்டும். தாள் பக்கத்தைச் சொல்கிறேன்.

கறுப்பு உறைக்கு வெள்ளை அட்டையில் கறுப்பு மை அடிக்காதீர்கள். மை எவ்வளவு அடர்த்தியாக விழுந்தாலும் வெட்டிய ஓரத்தில் வெள்ளை நடுப்பகுதி தெரியும், மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு விழும். காகித வெட்டுக்கு ஓரம்தான் உயிர். நடுவரை நிறம் ஊறிய கறுப்புத் தாள், 250 முதல் 270 ஜிஎஸ்எம், வாங்குங்கள். ஆண்டர்சன் தெருவில் கேட்கும்போது ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள், உள்ளேயும் கறுப்பாக இருந்தால் சரி. அதன் மேல் நாலு வண்ண ஆஃப்செட் எடுபடாது. பெயரை ஃபாயிலில் அல்லது வெள்ளை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் போடுங்கள். ஃபாயிலில் கோடு 0.3 மி.மீ-க்கு மேல், சுழியின் உள்வெளி 0.5 மி.மீ-க்கு மேல் இருக்கட்டும். ண, ழ, ஞ முதலில் அடைபடும்.

கணக்கு: உறை பெட்டியின் 220 மி.மீ திசையில் ஏறட்டும். உள்ளளவு ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ தளர்வு. விரித்த அளவு 161 + 51 + 161 + 51 + ஒட்டும் ஓரம் 15 = 439 மி.மீ, உயரம் 220. 20 × 30 அங்குலத் தாளில் மூன்று விழும். 500-க்கு 167 தாள், சேதாரம் சேர்த்து 200 வாங்குங்கள். கிரெயின், அதாவது தாளின் இழை ஓடும் திசை, 439 மி.மீ போகும் திசையில் இருக்க வேண்டும், அதாவது 20 அங்குலப் பக்கத்தோடு. பொதுவாகக் கடையில் நீளக் கிரெயின்தான் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். காரணம் இரண்டு. மடிப்புக்குக் குறுக்கே கிரெயின் ஓடினால் பக்கம் உப்பாது. அதோடு மேல் பக்கத்தில் 160 மி.மீ திசையை உயரமாக வைத்துப் படம் வரைந்தால் பனைமரம், கோபுரம் போன்ற ஒல்லியான நிமிர்ந்த கோடுகள் கிரெயினோடு போகும். குறுக்கே போகும் 3 மி.மீ பாலம் அதே தடிமனில் சீக்கிரம் கிழியும்.

உள்பெட்டிக்கு 300 முதல் 350 ஜிஎஸ்எம் எஸ்பிஎஸ் அல்லது எஃப்பிபி (இரண்டும் புதுக் கூழில் செய்த அட்டை வகைகள்). சாம்பல் முதுகு டூப்ளெக்ஸ் உணவைத் தொடும் இடத்தில் வேண்டாம். லேமினேஷன் செய்தால் ஒட்டும் ஓரத்தில் அதை விட்டுவிடச் சொல்லுங்கள். பிலிமின் மேல் சாதாரணப் பசை பிடிக்காது, இரண்டு நாள் கழித்து அடுக்கி வைத்த பெட்டி தானாகத் திறந்துகொள்ளும்.

மழைக்காலம் தான் பெரிய விஷயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தாள் ஈரம் குடித்துக் குறுக்குத் திசையில் விரியும். தாள் கட்டைப் பிரிக்காமல் அச்சகத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்த பிறகே பிரிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்த அட்டை அந்த ஈரத்தில் சுருளும். வெட்டிய உறைகளை ஒட்டும் வரை தட்டையாக, மேலே பாரம் வைத்து, பாலிதீன் சுற்றி வையுங்கள்.

தேனும் சர்க்கரையும் காற்றின் ஈரத்தை இழுக்கும், பாதாம் எண்ணெய் கசியும். அதனால் 6 துண்டு வீதம் இரண்டு மெட்டலைஸ்டு (உலோகப் பூச்சுள்ள) பைகளில் வெப்பமுத்திரை வைத்து, அடியில் எண்ணெய் ஊறாத தாள் போட்டுப் பெட்டியில் வையுங்கள். இதுவும் ஜெர்மன் மரபில் அடக்கம். ஹனோவரின் பால்சன் நிறுவனம் 1891-இல் தொடங்கிய லைப்னிட்ஸ் பிஸ்கட்டுக்கு 1904-இல் கொண்டுவந்த டெட் பொதியின் பெருமையே தூசும் ஈரமும் புகாது என்பதுதான். 'டெட்' என்றால் பழைய எகிப்தியத்தில் நிலைத்திருப்பது.

மின்ட் அச்சு:

பௌஹவுஸை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம் என்பது என் எண்ணம். 1919-இல் வைமாரில் தொடங்கி, 1925-இல் டெஸாவுக்குப் போய், 1933-இல் மூடப்பட்ட பள்ளி அது. மஞ்சள் முக்கோணம், சிவப்புச் சதுரம், நீல வட்டம் என்பது 1923-இல் அங்கே கற்பித்த ஓவியர் காண்டின்ஸ்கி சுற்றுக்கு விட்ட வினாத்தாளோடு சேர்ந்தது. அதை மட்டும் எடுத்து ஒட்டினால் குழந்தைகள் விளையாட்டுப் பெட்டி ஆகிவிடும். பள்ளி உண்மையில் கற்றுத்தந்தது கட்டம் போட்டுத் தகவலை அடுக்குவது. உங்கள் பெட்டியின் பின்பக்கத்துக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள்: தடித்த கோடுகளால் பிரித்த நாலு கட்டம், சேர்மானம் ஒன்றில், சத்து விவரம் ஒன்றில், விலையும் தேதியும் ஒன்றில், முகவரி ஒன்றில். அந்தப் பள்ளியின் ஹெர்பர்ட் பேயர் பெரிய எழுத்தே வேண்டாம், சிறிய எழுத்து போதும் என்று 1925-இல் வாதாடினார். தமிழில் அந்தச் சண்டைக்கே இடமில்லை, ஆகவே கட்டம் நமக்குச் சுலபமாகப் பொருந்தும்.

படங்களை நகல் எடுக்கும்போது கவனம். இந்தியாவில் படைப்பாளி மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 வருடம் உரிமை உண்டு. பேயர் மறைந்தது 1985, சுவரொட்டி வடிவமைப்பாளர் லூசியன் பெர்ன்ஹார்ட் 1972, நிழலுருவக் கலைஞர் லோட்டெ ரைனிகர் 1981. மூவருடையதும் இன்னும் உரிமைக்குள். ரூங்க, டுட்டன்ஹோஃபர் இருவரும் எப்போதோ வெளியே வந்துவிட்டார்கள்.

கீழ்ப்பாக்கம் அடுமனை:

ஜார்ஜ்டவுன் அண்ணா, அம்பத்தூர் அண்ணா, மிக்க நன்றி. கறுப்பு உறை, சிவப்புப் பெட்டி என்று முடிவு செய்கிறோம். இரண்டு சந்தேகம். சட்டப்படி போட வேண்டியவை உறையில் வர வேண்டுமா, பெட்டியில் போதுமா? பெட்டி மேல் ஜெர்மன் காகித நட்சத்திரம் ஒன்று கட்டலாமா?

லேபிள் விதி:

முதல் சந்தேகத்துக்கு: வாங்குகிறவர் கையில் எடுக்கும்போது தெரிய வேண்டும். உறை மறைத்தால் பெட்டியில் போட்டும் பயனில்லை. உறையின் அடிப்பக்கத்தில் ஒரு பெரிய திறப்பு விட்டு, பெட்டியில் அச்சான விவரம் முழுதும் தெரியும்படி செய்யலாம். அல்லது விவரங்களை வெள்ளை ஸ்டிக்கராக அடித்து உறையிலேயே ஒட்டலாம். ஆனால் சைவ, அசைவக் குறி அடிப்பக்கத்தில் போதாது, முன்முகப்பில் பெயருக்குப் பக்கத்தில் மாறுபட்ட பின்னணியில் வர வேண்டும். உங்கள் முகப்பு 220 × 160, அதாவது 352 சதுர செ.மீ. 100-க்கும் 500-க்கும் இடைப்பட்ட வகை என்பதால் பச்சை வட்டத்தின் விட்டம் குறைந்தது 4 மி.மீ, சுற்றுச் சதுரத்தின் பக்கம் அதைப்போல் இரு மடங்கு. கறுப்புத் தாளில் நேரடியாகப் பச்சை அடித்தால் இருண்டுவிடும், கீழே வெள்ளை போட்டு மேலே அடியுங்கள்.

குறி எது என்பது சேர்மானத்தைப் பொறுத்தது. லெப்குகனில் பல செய்முறைகள் முட்டை சேர்ப்பவை. நம் விதியில் முட்டை அசைவம், தேனும் பாலும் அசைவம் ஆகாது. முட்டை இருந்தால் பழுப்பு முக்கோணம். இதைச் செய்முறை முடிவான பிறகே அச்சுக்கு அனுப்புங்கள். கோதுமை, பாதாம், பால் இருந்தால் ஒவ்வாமைக் குறிப்பு தனியாக. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழ் கூடுதலாகப் போடலாம், தமிழ் மட்டும் போதாது.

நூரன்பெர்க் என்று போடாதீர்கள். 'நூர்ன்பெர்கர் லெப்குகன்' 1996 முதல் ஐரோப்பாவில் பாதுகாக்கப்பட்ட புவியியல் பெயர், அந்த நகரில் செய்ததற்கு மட்டும் உரியது. 'எலிசன்' என்ற உயர்தர லெப்குகன் பெயரிலும் அப்படியே கவனம்: ஜெர்மனியில் அந்தப் பெயருக்குக் கொட்டைப்பருப்பு குறைந்தது 25 சதவீதம், மாவு அதிகபட்சம் 10 சதவீதம். 'தேன் மசாலா பிஸ்கட்' என்று நேராகப் போடுங்கள், கீழே சின்னதாக லெப்குகன் வகை.

அம்பத்தூர் டை:

நட்சத்திரம் தாராளமாகக் கட்டலாம் தம்பி. ஃப்ரோபல் நட்சத்திரம் என்று பெயர், கிண்டர்கார்டன் முறையைத் தொடங்கிய ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபல் நினைவில். ஒன்றுக்கு 4 நாடா, 1.5 × 45 செ.மீ, 80 ஜிஎஸ்எம் தாள். 20 × 30 அங்குலத் தாளில் 50 நாடா வரும், 500 நட்சத்திரத்துக்கு 2000 நாடா, 40 தாள். பழகிய கை ஒன்றுக்கு 5 நிமிடம் என்றால் மொத்தம் 41 மணி 40 நிமிடம். மூன்று பேரை நவம்பரிலேயே உட்கார வையுங்கள். அது உறைக்கு மேல் நிற்கும் என்பதால் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியாது. கடைசியில், கடையில் வைத்துக் கட்டுங்கள்.

உறையைப் பற்றி விட்டுப்போன ஒன்று. பெட்டி உள்ளே வருகிற திசையைப் பார்த்து எந்த இலை நுனியும், மீன் வாலும் தொங்கலாக நிற்கக் கூடாது. பெட்டியின் விளிம்பு முதலில் அதைத்தான் மடக்கும். அப்படி நிற்கும் நுனியைப் பக்கத்துக் கிளையோடு தொட்டுவிடுங்கள், அல்லது எதிர்த் திசையில் திருப்புங்கள். படத்துக்கும் மடிப்புக் கோட்டுக்கும் நடுவே குறைந்தது 8 மி.மீ வெட்டாத சட்டம் விடுங்கள். அதற்குள் திறப்பு போனால், மடிப்புக் கோடு பதிக்கும் கிரீஸிங் அழுத்தத்தில் பாலம் அறும்.

டை போடும் முன் அதே கறுப்புத் தாளில் லேசரில் 3 உறை மட்டும் வெட்டி, நிஜ பிஸ்கட் நிரப்பிய பெட்டியில் ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொன்றையும் 20 முறை. எந்தப் பாலம் முதலில் கிழிகிறதோ அதை 1 மி.மீ தடிப்பாக்கி, பிறகு டைக்குக் கோப்பைக் கொடுங்கள்.